யார் தோளுக்கு அளந்த கட்டை

2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை ஒரு கைத்துப்பாக்கியை வெளியிட்டது. பெயர் ‘நிர்பீக்’, பயமற்றது என்று பொருள். 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் சிதைக்கப்பட்ட பெண்ணுக்கு ஊடகங்கள் வைத்த ‘நிர்பயா’ என்ற பெயரின் நிழல் அதில் வேண்டுமென்றே விழுந்திருந்தது. .32 காலிபர், டைட்டானியம் உலோகக்கலவை, எடை சுமார் 500 கிராம், விலை 1,22,360 ரூபாய். இந்தியாவில் பெண்களுக்கென்றே செய்யப்பட்ட முதல் துப்பாக்கி என்று விளம்பரப்படுத்தினார்கள். அடர் மெரூன் நிற நகைப்பெட்டி ஒன்றில் வைத்துக் கொடுத்தார்கள்.

இந்தத் துப்பாக்கியை ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்று எனக்குத் தோன்றிப் பல வருடங்களாகிவிட்டன. பெயர், பெட்டி, எடை, விலை நான்கும் நான்கு வரிகள். பெயர் இறந்துபோன பெண்ணிடமிருந்து வந்தது. பெட்டி கல்யாணப் பெண்ணுக்குரியது. விலை அதை வாங்கக்கூடிய பெண் யார் என்று சொல்லிவிடுகிறது. ராத்திரி பத்து மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்பவள் அந்த விலைக்குள் வரமாட்டாள். இந்த மூன்றையும் அப்போதே பலர் எழுதினார்கள். நான்காவது வரியான எடையை யாரும் நின்று வாசித்ததாக எனக்கு நினைவில்லை. பெண் என்றால் லேசாக இருக்க வேண்டும், சிறியதாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் இயல்பாகத்தான் பட்டது. என் கட்டுரை அந்த வரியைப் பற்றியது. கைத்துப்பாக்கியைவிடத் தோளில் வைத்துச் சுடும் இரட்டைக்குழலில் இந்த எடைக் கணக்கு இன்னும் துலக்கமாகத் தெரியும். அதனால் அதை மையமாக வைத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் ஔவையார். புறநானூற்றின் 95ஆம் பாட்டை முதுகலை மாணவிகளுக்கு வருடா வருடம் நடத்துகிறேன். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவை அவனுடைய ஆயுதக் கொட்டிலைப் பார்க்கிறாள். பீலி அணிவித்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலில் வைத்த ஆயுதங்கள். எங்கள் தலைவனுடையவையோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். உரைகள் இதைப் புகழ்வதுபோல் பழித்தல் என்று சொல்லி முடித்துக்கொள்கின்றன. எனக்கு அதில் ஒரு பெண்ணின் பொருளறிவு தெரிகிறது. அலங்கரித்து வைத்த ஆயுதம் புழங்காத ஆயுதம் என்பதை நெய்ப்பளபளப்பிலிருந்தே அவள் படித்துவிட்டாள். மெரூன் பெட்டியை அவளிடம் கொடுத்திருந்தால் திறப்பதற்கு முன்பே சிரித்திருப்பாள்.

இனி எடை. துப்பாக்கி சுடும்போது தோட்டா முன்னால் போகிறது, துப்பாக்கி பின்னால் வருகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்குப் பள்ளிப் புத்தகம் சொல்லும் உதாரணங்களில் இதுவும் ஒன்று. ஒரே தோட்டாவை லேசான துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் அது இன்னும் வேகமாகப் பின்னால் வரும். எங்கள் கல்லூரி இயற்பியல் துறைத் தோழி ஒருவர் ஒரு மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பா மூடியின் மேல் தாளை வைத்து எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். 12 போர் தோட்டா, 28 கிராம் ரவை, வேகம் நொடிக்கு 400 மீட்டர் அளவில். அடைப்பானையும் மருந்துப் புகையையும் சேர்த்துக்கொண்டால் மூன்றரைக் கிலோ துப்பாக்கி நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில் தோளில் மோதும், ஆற்றல் 28 ஜூல். அதே தோட்டா, இரண்டரைக் கிலோ துப்பாக்கி: வேகம் 5.6 மீட்டர், ஆற்றல் 39 ஜூல். ஒரு கிலோ குறைத்ததற்குத் தோள் கொடுக்கும் விலை பதினோரு ஜூல். “அப்ப லேசா இருக்குறதுதான் ஜாஸ்தி அடிக்குது இல்ல?” என்றேன். “ஆமா. லேசு தூக்குறவரைக்கும்தான் லேசு” என்று சொல்லிவிட்டு மோர்மிளகாயை எடுத்துக்கொண்டார்.

பலவீனமான உடலுக்கு என்று விற்கப்படும் சிறிய, லேசான துப்பாக்கி அந்த உடலையே கூடுதலாக அடிக்கும். பெண்ணுக்கென்று குறுக்கி இளைத்துச் செய்யப்படும் பல பொருள்களுக்கு இந்தக் குணம் உண்டு. ஆனால் ஒரு பொருளின் பொய்யை இப்படி ஜூல் கணக்கில் காட்ட முடிவது அபூர்வம்.

பின்னால் வரும் இந்த அடிக்குப் பாடப்புத்தகங்களில் வேறு வேறு சொற்கள் உண்டு. என்சிசி-யில் இருக்கும் என் மாணவிகள் சொல்வது ‘உதை’ என்றுதான். “மேம், ரைபிள் உதைக்கும், தோளோட ஒட்டிப் புடிக்கணும்.” அவர்களுக்குக் கொடுப்பது .22 ரைபிள், அதன் உதை பெயரளவுக்குத்தான். ஆனாலும் இந்தச் சொல் என்னை நிறுத்தியது. தமிழில் உதை வாங்குகிறவர் எப்போதும் கீழே இருப்பவர். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில், தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். உதைக்கு எதிரான பொருள் என்று கையில் கொடுக்கப்படுவதும் உதைக்கத்தான் செய்கிறது. தமிழ் சினிமாவில் மட்டும் துப்பாக்கி உதைப்பதே இல்லை. ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ காலத்திலிருந்து இன்றுவரை கதாநாயகி ஒரு கையில் சுடுகிறாள், தோள் அசைவதில்லை, முடி மட்டும் பறக்கிறது.

என் வலத் தோள் இரண்டு வருடங்களுக்கு முன் இறுகிக்கொண்டது. ஆங்கிலத்தில் உறைந்த தோள் என்பார்கள். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருவது, சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம். கரும்பலகையின் மேல்பாதியில் எழுத முடியாது, ஜாக்கெட்டின் பின்கொக்கியைப் போட முடியாது. இதைச் சொல்வது அனுதாபத்துக்காக இல்லை. உடல் இயலாமை என்பது யாரோ சிலருக்கு வருவது என்கிற நினைப்பிலிருந்துதான் ‘பலவீனர்களுக்கான துப்பாக்கி’ என்ற வகையே பிறக்கிறது. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் நிறைந்த எங்கள் ஆசிரியர் அறையில் முழுத் தோளோடு இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்த விஷயத்துக்குள் என்னை இழுத்தவள் என் பழைய மாணவி. சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி ஒரு காலும் ஒரு கையும் மெலிந்தவள். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். திருமுல்லைவாயில் பக்கம் தனியாக இருக்கிறாள். ஒரு நாள் போனில், “மேம், எனக்கு கன் லைசென்ஸ் குடுப்பாங்களா? குடுத்தா, என் கைக்கு எது ஒத்துவரும்?” என்று கேட்டாள். வேடிக்கையாகக் கேட்கவில்லை. அவளைப் பின்தொடர்ந்த ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும், தெருவுக்கும் தெரியும். துப்பாக்கி வேண்டாம் என்று உடனே சொல்ல என் நாக்கு எழுந்தது. ஆனால் அவள் அறிவுரை கேட்கவில்லை. பொருளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பொருளைப் பற்றியே பதில் சொல்ல வேண்டும் என்று பட்டது. தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குத் தயாரான பதில்கள் இருக்கின்றன. தோள் வலிக்காரர்களுக்கு இரண்டு பரிந்துரைகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, மருந்துப் புகையின் அழுத்தத்திலேயே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கி. அதில் உதை சற்று நீண்ட நேரத்துக்குப் பரவுவதால் அடி மழுங்கித் தெரியும். மற்றது, வீட்டுக்குள் திருப்ப வசதியான குட்டைக் குழல். நம் நாட்டு ஆயுத விதிகள் 2016இன் முதல் அட்டவணையைப் பிரித்தால், அரைத்தானியங்கித் துப்பாக்கிகளும் 20 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரவைத் துப்பாக்கிகளும் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலில் ஒரே உட்பிரிவில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பதிவுபெற்ற விளையாட்டுச் சுடுநர்களுக்குத் தனி விலக்குகள் உண்டு. மற்றவர்களுக்கு இந்த இரண்டு பதில்களும் தொடக்கத்திலேயே அடைபட்டவை. குழலை நாமாக அறுத்துக் குறைப்பது 1959ஆம் வருடச் சட்டப்படி தனிக் குற்றம்.

அந்தத் தடையை நான் குறை சொல்லவில்லை. குட்டைக் குழல் ஒளித்து எடுத்துப்போகத் தோதானது. அதை நம் வீடுகளில் யார் யாருக்கு எதிராக எடுப்பார்கள் என்று யோசித்தால் இருபது அங்குலம் நல்ல அளவுதான். குட்டைத் துப்பாக்கி உதையையும் குறைப்பதில்லை. குழல் குறையக் குறைய எடையும் குறையும், எடை குறைந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். கட்டையை எடுத்துவிட்டு வெறும் கைப்பிடி மட்டும் வைத்த மாதிரிகளில் அந்த உதை முழுவதையும் மணிக்கட்டு வாங்கும்.

சட்டம் விட்டுவைத்திருப்பது ஒற்றைக்குழலும் இரட்டைக்குழலும். உரிமத்தில் எஸ்பிபிஎல், டிபிபிஎல் என்று எழுதியிருப்பார்கள். அதை நம் பகுதியில் பார்க்காதவர்கள் இல்லை. அம்பத்தூரில், ஆவடியில், பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் வங்கி வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே அதை நட்டு வைத்திருப்பவர் பெரும்பாலும் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர். முட்டிவலி, கண்புரை, ரத்த அழுத்தம், எல்லாம் இருக்கக்கூடிய வயது. இந்தியாவில் உடல் வரம்புகளோடு ரவைத் துப்பாக்கி ஏந்துகிறவர் என்று ஒரு முகத்தைக் காட்டச் சொன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன். அவருக்குச் சம்பளம் குறைவு, துப்பாக்கி பழசு, அதன் கட்டை யார் தோளுக்கு அளந்ததோ. அவரை யாரும் பலவீனர் என்று அழைத்து நகைப்பெட்டியில் துப்பாக்கி கொடுப்பதில்லை. அவர் ஆண், அதனால் துப்பாக்கி அவருக்கு இயல்பாகவே பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஆவடியில் ஆயுதம் என்றால் பிழைப்பு. 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, விஜயந்தா டாங்கி இங்கிருந்து போனது, பிறகு அர்ஜுன். எங்கள் தெருவில் ‘எச்.வி.எஃப்.’ என்பது குடும்பப் பெயர்போலப் புழங்கும். துப்பாக்கியை வேறுவிதமாக அறிந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள், நரிக்குறவர்கள். பறவை சுட நாட்டுத் துப்பாக்கி ஆணுக்கு, ஊசிமணி பாசிமணி பெண்ணுக்கு என்பது அவர்களிடையே இருந்த பிரிவினை. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குறுகியது. ஆணின் கருவிக்கு வேலை போயிற்று, பெண்ணின் கருவி வீட்டைத் தாங்கியது. பழங்குடிப் பட்டியலில் அவர்கள் சேர்க்கப்பட 2023 வரை ஆனது. அவர்களைப் பற்றி எழுத இன்னொரு கட்டுரை வேண்டும். ஆயுதம் கையில் இருந்தது ஒரு சமூகத்துக்கோ ஒரு பெண்ணுக்கோ தானாகவே அதிகாரத்தைக் கொண்டுவந்துவிடவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி நகர்கிறேன்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். தோளும் கையும் பலமில்லாதவருக்கு இரட்டைக்குழலில் எது ஒத்துவரும்? படித்துத் தெரிந்ததைச் சொல்கிறேன். உதையைக் குறைப்பதில் முதலிடம் தோட்டாவுக்கு. ஒலிம்பிக் ட்ராப், ஸ்கீட் போட்டிகளில் 24 கிராம் ரவைக்கு மேல் போக விதி இடம்கொடுப்பதில்லை. உலகச் சாம்பியன்களுக்கே அது போதுமாக இருக்கிறது. அடுத்தது எடை. லேசான 20 போர் வாங்கி அதில் அதே 24 கிராமைப் போட்டால் லாபம் ஒன்றுமில்லை, துப்பாக்கி இளைத்த அளவுக்கு உதை கூடும். ரவையையும் குறைத்தால்தான் சிறிய போருக்கு அர்த்தம். பிறகு ரப்பர் அட்டை, கட்டையின் நீளம், கன்னம் படும் உயரம். கட்டை நீளமாக இருந்தால் அது தோளின் குழியில் உட்காராமல் புஜத்து எலும்பில் உட்காரும். அடி அங்கே விழும். வாரக்கணக்கில் நீலம் போகாது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. உதையைத் தாங்கத் துப்பாக்கி கனமாக இருக்க வேண்டும். மெலிந்த கைக்கு அது லேசாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பொருளில் கேட்க முடியாது. இரட்டைக்குழலை மடித்துத் திறக்கவும், திறக்கும்போதே உள்சுத்தியலை ஏற்றவும் கட்டைவிரலுக்கும் முன்கைக்கும் வலு வேண்டும். ‘பம்ப்’ வகையில் ஒவ்வொரு முறையும் முன்பிடியை இழுத்துத் தள்ள வேண்டும், இரண்டு கையும் முழுதாக வேண்டும். எந்த மாதிரியை எடுத்தாலும் உடலின் ஏதோ ஒரு மூலையில் போய் முட்டுகிறது. கடைக்காரர்கள் இந்த முடிச்சைச் சொல்வதில்லை, மாதிரிகளின் பெயரைத்தான் சொல்வார்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் மாற்றுத்திறனாளி விளையாட்டுக்காரர்கள். அவர்கள் துப்பாக்கியை இளைக்க வைக்கவில்லை. கையால் ரைபிளின் எடையைத் தாங்க முடியாதவர்களுக்கு எஸ்ஹெச்2 என்ற பிரிவு, அதில் ஸ்பிரிங் வைத்த தாங்கி ஒன்று எடையை ஏந்திக்கொள்ளும். எடை துப்பாக்கியில் இருக்கும், கையில் இருக்காது. பாரா ட்ராப் விளையாட்டில் உட்கார்ந்து சுடுகிறவர்கள், காலில் குறைபாட்டோடு நின்று சுடுகிறவர்கள், கையில் குறைபாடு உள்ளவர்கள் என்று மூன்று பிரிவுகள். ஏன் இந்தப் பிரிவினை? நின்று சுடுகிறவருக்கு உதை தோள் வழியே இடுப்புக்கும் காலுக்கும் இறங்கித் தரையில் போய்ச் சேரும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது முதுகெலும்போடு நின்றுவிடும். ஒரே அடி, வேறு வேறு உடல். விதி எழுதியவர்கள் உடலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பாரிஸ் 2024 வரை பாரா ட்ராப்புக்குப் பாராலிம்பிக்கில் இடம் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

அவனி லேகரா எங்கள் வகுப்பறையில் அடிக்கடி வரும் பெயர். 2012இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டபோது பதினோரு வயது. டோக்கியோ பாராலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம், பாராலிம்பிக் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண், பிறகு பாரிஸில் மீண்டும் தங்கம். ஏர் ரைபிளில் உதை அநேகமாக இல்லை. செய்தித்தாள்கள் அவரை எழுதும்போது ‘குறையை வென்றவர்’ என்கின்றன. அவர் வென்றது எதிரில் சுட்ட மற்ற வீராங்கனைகளை. உடலை எதிரியாக்கி, அதை வென்றதற்காகப் பெண்ணைப் பாராட்டும் இந்த வாக்கியத்தை என் மாணவிகளின் கட்டுரைகளில் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே இருக்கிறேன்.

பெண் உடல் பலவீனமானது என்ற வாதத்துக்கு ரவைத் துப்பாக்கி விளையாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்கீட் போட்டி ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக நடந்தது. சீனாவின் ஜாங் ஷான் முதல் கட்டத்தில் இருநூறுக்கு இருநூறு. மொத்தம் 225க்கு 223. ஆண்களையெல்லாம் தாண்டித் தங்கம். அடுத்த ஒலிம்பிக்கில், 1996 அட்லாண்டாவில், ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கான ஸ்கீட் 2000 சிட்னியில்தான் வந்தது. உலகத்தின் முதல் ஆள் தன் தங்கத்தைக் காத்துக்கொள்ள ஓர் ஒலிம்பிக் முழுதும் வாசலுக்கு வெளியே நின்றாள். அதன் பிறகும் ஆண்களுக்கு 125 தட்டுகள், பெண்களுக்கு 75 என்ற கணக்கு இருந்தது. அது சமமானது 2018இல். பாரிஸ் 2024இல் கலப்பு ஸ்கீட்டில் மகேஷ்வரி சவுகானும் அனந்த்ஜீத் சிங் நரூகாவும் 43க்கு 44 என்று ஒரே தட்டில் வெண்கலத்தை இழந்தார்கள். இருவர் கையிலும் 12 போர், இருவருக்கும் அதே தோட்டா வரம்பு. பெண்ணுக்கென்று லேசான துப்பாக்கி எதுவும் அந்த மைதானத்தில் இல்லை. அங்கே பெண்ணுக்குக் கிடைப்பது அவள் தோளுக்கு அளந்து செதுக்கிய கட்டை. ஆணுக்கும் அப்படித்தான். பணமும் பயிற்சியாளரும் உள்ள இடத்தில் உடல் வேறுபாடு தச்சு வேலையாகிவிடுகிறது. அவை இல்லாத இடத்தில் அதுவே இயற்கையின் தீர்ப்பாகிவிடுகிறது.

ஆவடியிலேயே ராணுவத்துக்கு உடை தைக்கும் ஆர்டனன்ஸ் தொழிற்சாலை இருக்கிறது. சீருடைக்கு அளவு எண்கள் உண்டு. மார்பு இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று வரிசையாக வெட்டித் தைப்பார்கள். அதே அரசு செய்த பழைய ரைபிள்களுக்குக் கட்டை பெரும்பாலும் ஒரே அளவு. சட்டைக்கு உடல் பலவிதம், துப்பாக்கிக்கு உடல் ஒன்றே. சராசரி ஆண் ஒருவனின் உடல் அது.

இத்தனையும் படித்த பிறகு அவளுக்குப் போன் செய்தேன். உரிமம் கேட்டால் உயிருக்கு என்ன அச்சுறுத்தல் என்று காரணம் காட்ட வேண்டும், போலீஸ் விசாரணை வரும், மனநலத்துக்கும் உடல்தகுதிக்கும் மருத்துவர் சான்று வேண்டும், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும் என்றேன். “உடல்தகுதின்னா என்ன மேம்? யார் சொல்றது?” என்றாள். தாளில் கையெழுத்திடும் மருத்துவர். அவர் அவளுடைய நடையைப் பார்ப்பார், அவள் குறி பார்ப்பதைப் பார்க்கமாட்டார். அவளைப் பின்தொடர்ந்தவனுக்கு அந்தச் சான்று கிடைப்பதில் எந்தச் சிரமமும் இருக்காது, இரண்டு கையும் இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன. இதைச் சொன்னபோது இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி பெண்ணுக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணம் வருடா வருடம் சொல்கிறது. தெரிந்தவன் வாசலில் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவான். பூட்டிய பெட்டியிலிருக்கும் மூன்றரைக் கிலோ அந்த நேரத்துக்கு உதவாது. பூட்டாமல் வைத்தால் அது யார் கைக்குப் போகும் என்பதை எந்தப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் பின்தொடர்தலுக்கு எதிராக எழுத்தில் புகார் கொடுத்தாள். நானும் இன்னொரு தோழியும் கூடப் போனோம். வழக்கு இப்போது நடக்கிறது.

ஆனால் துப்பாக்கி அவள் மனதிலிருந்து போகவில்லை. “பயத்துக்குக் கேட்டேன், இப்ப ஆசையா இருக்கு மேம்” என்றாள். ஏர் ரைபிள் கற்றுக்கொள்ள முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். இந்த மாற்றத்தை நான் கொண்டாடுகிறேனா என்று எனக்கே தெளிவில்லை. தாங்கிமேல் வைத்த ரைபிளும் பத்து மீட்டர் தள்ளி ஒரு காகித இலக்கும் யாரையும் கொல்லாது என்பதால் மட்டும் ஆயுதம் வேறு பொருளாகிவிடுமா? அவளுக்கு இந்தத் தயக்கம் இல்லை. கண்ணும் மூச்சும் தன் வசம் இருக்கிற ஒரு விளையாட்டு அவளுக்குப் பிடித்திருக்கிறது.

கட்டை அளக்க ஒரு பழைய முறை உண்டு. முழங்கையை நேர்கோணத்தில் மடக்கி, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால், ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையைத் தொட வேண்டும். துல்லியமானதில்லை, தொடங்குவதற்குப் போதும். தொழிற்சாலையிலிருந்து வரும் கட்டைகள் பொதுவாகப் பதினான்கு, பதினான்கரை அங்குலம். போன மாதம் புறநானூறு வகுப்பு முடிந்ததும் கைப்பையிலிருந்த தையல் டேப்பை எடுத்து, முழங்கை மடிப்பிலிருந்து விரல் கணுவரை மாணவிகளை ஒருவரையொருவர் அளக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே அளந்தார்கள். பெரும்பாலோருக்குப் பன்னிரண்டரையிலிருந்து பதின்மூன்றரைக்குள் வந்தது. முகாமில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு சுட்டதற்காக ‘வீக்’ என்று பெயர் வாங்கிய என்சிசி பெண்ணுக்குப் பன்னிரண்டே முக்கால். அவள் அந்த எண்ணைத் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாள்.